அடிமைக் கப்பல் தலைவர் பாதிரியாரான கதை

நியூட்டன் என்றதும் ஆப்பிள் மரத்தடி விஞ்ஞானிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். இவர் வேறு நியூட்டன், ஜான் நியூட்டன். 'அமேசிங் கிரேஸ்' என்ற ஞானப்பாட்டை இயற்றியவர். பாட்டு தெரிந்த அளவுக்கு அதை எழுதியவரின் வரலாறு பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சற்று மெருகு பூசித்தான் சொல்கிறார்கள். புயலில் அகப்பட்ட ஓர் அடிமை வியாபாரி ஒரே இரவில் மனம் மாறினான். கப்பலைத் திருப்பி, அடிமைகளை எல்லாம் ஆப்பிரிக்கக் கரையில் இறக்கி விட்டான். அன்றே அந்தப் பாட்டையும் எழுதி முடித்தான் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததற்கு நாற்பது ஆண்டு பிடித்தது.

தாயில்லாப் பிள்ளை

1725-ம் ஆண்டு ஜூலை மாதம், லண்டன் துறைமுகத்தை ஒட்டிய வாப்பிங் என்ற இடத்தில் ஜான் பிறந்தான். தந்தை வியாபாரக் கப்பலின் தலைவர். வருஷத்தில் பெரும் பகுதி கடலிலேயே கழியும். தாய் எலிசபெத் பக்தி மிகுந்தவள். மகனைப் பாதிரியாராக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நாலு வயதிலேயே அவனுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தாள். வேத வசனங்களையும் ஞானப்பாட்டுகளையும் மனப்பாடம் செய்வித்தாள். பையனுக்கு ஏழு வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது காசநோய் அவளைக் கொண்டு போயிற்று.

பதினோராவது வயதில் தந்தையோடு கப்பலேறினான். பதினேழு வயதில், கெண்ட் பகுதியில் மேரி காட்லெட் என்ற சிறுமியைச் சந்தித்தான். அவளுக்குப் பதினாலு வயதுகூட நிறையவில்லை. அன்று மனத்தில் விழுந்த அவள் உருவம் கடைசி வரை அழியவில்லை. பின்னால் வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றிய நாட்களில் அவனைப் பிடித்து நிறுத்தியது அந்த நினைவுதான்.

அந்நாளில் இங்கிலாந்துக் கடற்படைக்கு ஆள் சேர்த்த முறை விசித்திரமானது. வழியில் போகிற வாலிபர்களைப் பலவந்தமாகப் பிடித்துக் கொண்டு போய்க் கப்பலில் ஏற்றி விடுவார்கள். 1744-ல் ஜானும் அப்படி அகப்பட்டு, 'ஹார்விச்' என்ற போர்க் கப்பலில் சேர்க்கப்பட்டான். தந்தையின் சிபாரிசால் சிறு அதிகாரி உத்தியோகம் கிடைத்தது. அதிலும் அவன் நிலைக்கவில்லை. தப்பி ஓடினான்; பிடிபட்டான். மாலுமிகள் அனைவரும் பார்க்க, சட்டையைக் கழற்றிச் சவுக்கால் அடித்தார்கள். உத்தியோகமும் போயிற்று. கப்பல் தலைவனைக் கொன்று விட்டுக் கடலில் குதிக்கலாமா என்றுகூட யோசித்தான். தாய் கற்றுக் கொடுத்த பக்தி ஏற்கெனவே கரைந்து போயிருந்தது. தானும் நம்பாமல், நம்புகிறவர்களையும் கேலி செய்து கெடுப்பதில் ஓர் இன்பம் கண்டான். அடுத்து ஏறிய கப்பலின் தலைவரைப் பரிகாசம் செய்து ஒரு பாட்டுக் கட்டி, மாலுமிகள் எல்லோருக்கும் அதைப் பாடக் கற்றுக் கொடுத்தான். ஞானப்பாட்டுகளால் பேர் பெறப் போகிறவரின் கவிதைத் திறமை அப்போது அந்த அளவில் இருந்தது!

அடிமைகள் கொடுத்த சோறு

அந்தக் கப்பல் போனது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. அங்கே, இன்றைய சியரா லியோன் கரையோரத்துத் தீவு ஒன்றில், வெள்ளைக்கார அடிமை வியாபாரி ஒருவனிடம் ஜான் வேலைக்கு அமர்ந்தான். வியாபாரியின் வீட்டை ஆண்டவள் ஓர் ஆப்பிரிக்கப் பெண். அவளுக்கு இவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தண்ணீர் கிடைப்பதும் அரிதாக இருந்தது. அவள் தின்று மீந்தது தட்டோடு வரும். சில நாள் அதுவும் வராது. இரவில் தோட்டத்துக்குள் நுழைந்து, கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான்.

அப்போது அவனுக்கு இரங்கியவர்கள் யார் தெரியுமா? சங்கிலியில் கட்டுண்டு கிடந்த அடிமைகள். யார் கண்ணிலும் படாமல், தங்களுக்குக் கிடைத்த அரைவயிற்றுச் சோற்றில் ஒரு பங்கை அவனுக்குக் கொண்டு வந்து கொடுத்தார்கள். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் நியூட்டனே எழுதி வைத்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சம்பவம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தச் சோற்றின் அர்த்தம் விளங்க அவருக்கு வெகுகாலம் ஆயிற்று.

தந்தை சொல்லி அனுப்பியிருந்த ஒரு கப்பல் தலைவர் அவனைத் தேடிக் கண்டுபிடித்தார். 'கிரேஹவுண்ட்' என்ற அந்தக் கப்பலில் ஊர் திரும்பும் வழியில்தான் புகழ் பெற்ற புயல் வந்தது. இன்றைய காலண்டர் கணக்குப்படி 1748-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி. நள்ளிரவுக்குப் பின் அலை ஒரு பக்கத்துப் பலகைகளைப் பிய்த்தெறிந்தது. மேல்தளத்துக்கு ஓடிய ஜானிடம், கத்தி ஒன்று எடுத்து வரும்படி தலைவர் சொன்னார். அவன் கீழே இறங்கிய அந்த நொடியில் வேறொருவன் மேலே ஏறினான். அலை அவனை வாரிக் கொண்டு போயிற்று. விடியுமுன் தொடங்கி, நடுப்பகல் நெருங்கும் வரை ஜான் தண்ணீர் இறைத்தான். பிறகு சுக்கானைப் பிடித்துக் கொண்டு நின்றான். இத்தனை நாள் எந்தப் பெயரைக் கேலி செய்தானோ அந்தப் பெயர் வேண்டுதலாக அவன் வாயிலிருந்து வந்தது. அவனே திடுக்கிட்டான். ஏற்றியிருந்த சரக்கு தேன்மெழுகும் லேசான மரமும் ஆனதால் கப்பல் மூழ்கவில்லை. சுமார் நாலு வாரம் பட்டினியோடு மிதந்து, அயர்லாந்துக் கரை சேர்ந்தது.

கதை சொல்கிறவர்கள் இங்கேதான் முடித்து விடுகிறார்கள்.

மேலே ஜெபம், கீழே சங்கிலி

கரையேறிய ஜான் கெட்ட வார்த்தை பேசுவதை விட்டான், வேதம் வாசித்தான். அதே 1748-ல் மறுபடியும் அடிமைக் கப்பல் ஏறினான்; துணைத் தலைவனாக! ஆப்பிரிக்கா சேர்வதற்குள் பழைய பழக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பழைய தீவிலேயே காய்ச்சலில் விழுந்து, மறுபடி ஆண்டவனிடம் மன்றாடினான். புயலுக்குப் பிறகும் நெடுநாள் வரை தன்னை முழுமையான விசுவாசி என்று கருத முடியாது என்று அவரே பின்னால் ஒப்புக் கொண்டிருக்கிறார்.

1750 பிப்ரவரியில் மேரியை மணந்தான். அந்த ஆண்டிலிருந்து 1754 வரை மூன்று பிரயாணங்களில் அவனே கப்பல் தலைவன். ஞாயிறு தோறும் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினான். ஓய்வு நேரத்தில் லத்தீன் படித்தான். மனைவிக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினான். அதே கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் இருவர் இருவராக விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். கலகம் நடக்கப் போகிறது என்ற சந்தேகத்தில், அடிமைச் சிறுவர்களின் விரல்களைத் திருகு ஆணியில் வைத்து உண்மை வரவழைத்ததை அவனுடைய கப்பல் நாட்குறிப்பே சொல்கிறது. கடைசிப் பிரயாணத்தில் ஒருவரும் சாகவில்லை. அதற்காக லிவர்பூல் ஆலயங்களில் நன்றி செலுத்தினான். உயிரோடு கொண்டு போய் எங்கே விட்டான் என்று ஆலயத்தில் யாரும் கேட்கவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் அது கௌரவமான தொழில்! சங்கிலியும் பூட்டுமாகச் சிறைக் காவலன் வேலை பார்க்கிறோமே என்ற சலிப்பு மட்டும் இருந்தது. வேறு பிழைப்புக் காட்டும்படி வேண்டிக் கொண்டான்.

1754-ல், நாலாவது முறை புறப்பட இரண்டே நாள் இருக்கும்போது, வீட்டில் மனைவியோடு பேசிக் கொண்டிருந்தவன் திடீரென்று மயங்கி விழுந்தான். வைத்தியர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். அடிமைக் கப்பலை அவன் விட்டது இப்படித்தான். மனச்சாட்சியால் அல்ல, வலிப்பு நோயால்.

1755-ல் நியூட்டனுக்கு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க உத்தியோகம் கிடைத்தது. வந்து போகும் கப்பல்களைச் சோதிக்கும் வேலை. அந்த ஒன்பது வருஷமும் அவர் தம்மைத் தாமே சோதித்துக் கொண்ட காலம். கிரேக்கமும் ஹீப்ரூவும் சொந்த முயற்சியில் படித்தார். தாய் ஆசைப்பட்டபடி பாதிரியாராக விண்ணப்பித்தார்; 1758-ல் மறுத்து விட்டார்கள். சர்வகலாசாலைப் பட்டம் இல்லாத மாலுமி அல்லவா? விடாமல் முயன்றார். 1764-ல் டார்ட்மவுத் பிரபுவின் ஆதரவால் குருப்பட்டம் கிடைத்து, ஓல்னி என்ற சிற்றூருக்குப் போனார். லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த ஊர் அது. அவர் பிரசங்கத்துக்கு வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல், ஆலயத்தில் மாடி கட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தம் சரித்திரத்தைப் புத்தகமாக வெளியிட்டார். குடியையும் தூஷணத்தையும் நினைத்து அதில் வருந்தினார். அடிமை வியாபாரம் பாவம் என்று மட்டும் எழுதவில்லை. கண் அப்போதும் முழுவதும் திறக்கவில்லை.

ஓல்னியில் அவருக்கு நண்பராக வாய்த்தவர் கவிஞர் வில்லியம் கூப்பர். இருவரும் சேர்ந்து, ஜெபக் கூட்டங்களுக்கென்று பாட்டுகள் எழுதினார்கள். 1773-ம் ஆண்டு புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக எழுதியதுதான் 'அமேசிங் கிரேஸ்'. புயலுக்கும் பாட்டுக்கும் நடுவே இருபத்தைந்து ஆண்டு! இன்று பாடும் மெட்டு அதனோடு சேர்ந்தது 1835-ல், அமெரிக்காவில். பாட்டு பிறந்த அந்த மாதமே கூப்பருக்குச் சித்தம் கலங்கியது. ஓராண்டுக்கு மேல் நியூட்டனும் மேரியும் அவரைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார்கள். இருவர் பாட்டுகளும் 1779-ல் நூலாக வந்தன. மொத்தம் 348, பெரும்பாலானவை நியூட்டனுடையவை.

வாய் திறந்த நாள்

பிறகு லண்டனில், செயிண்ட் மேரி உல்நாத் ஆலயத்தின் குரு ஆனார். 1785 டிசம்பரில் இளம் பார்லிமெண்டு உறுப்பினர் ஒருவர் இரகசியமாக அவரைத் தேடி வந்தார். அரசியலைத் துறந்து ஆன்மிகத்தில் இறங்கலாமா என்பது அவர் குழப்பம். வேண்டாம், பார்லிமெண்டிலேயே இருந்து தொண்டு செய்யும்படி நியூட்டன் புத்தி சொன்னார். அந்த இளைஞர்தான் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸ்.

1788-ல், புயல் வீசி நாற்பதாவது ஆண்டில், ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி நியூட்டன் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிறரைக் குற்றம் சாட்டு முன் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். மௌனமாயிருந்தது பாவம் என்றும், வெகு தாமதமாக வருகிற இந்த வாக்குமூலம் நடந்த தீங்கை மாற்றாது என்றும் எழுதினார். நூறு டன் கப்பலில் இருநூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களை அடைத்ததையும், ஐந்தடி உயரத் தளத்தையும் நடுவே பலகை அடித்து இரண்டு அடுக்காக்கிப் படுக்க வைத்ததையும் விவரித்தார். அழுது தூக்கத்தைக் கெடுத்த கைக்குழந்தையைத் தாயிடமிருந்து பிடுங்கி ஒரு கப்பல் அதிகாரி கடலில் எறிந்ததையும் ஒளிக்கவில்லை. அரசாங்க விசாரணையிலும், 1790-ல் பார்லிமெண்டுக் கமிட்டி முன்பும் சாட்சி சொன்னார். அடிமை வியாபாரிகளின் ஆட்களால் அவரை மறுக்க முடியவில்லை. கப்பல் ஓட்டியவர் அல்லவா!

அந்த ஆண்டு டிசம்பரில் மேரி இறந்தாள். முதுமையில் கண் மங்கிற்று, காது மந்தமாயிற்று. ஆனாலும் பிரசங்கத்தை விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21-ஐத் தனியே இருந்து ஜெபத்தில் கழிப்பார். 1805-ல் அந்த நாளில் நடுங்கும் கையால் சில வரிகள் எழுதியதுதான் அவருடைய கடைசி நாட்குறிப்பு.

1807 மார்ச் 25-ந் தேதி, பிரிட்டனில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் அமுலுக்கான அரச சம்மதம் பெற்றது. அந்தச் செய்தியைக் கேட்க நியூட்டன் உயிரோடு இருந்தார். டிசம்பர் 21-ந் தேதி, 82-வது வயதில் காலமானார். தம் கல்லறை வாசகத்தை முன்னதாகவே எழுதி வைத்திருந்தார். ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாயிருந்தவன் என்று அதில் தம்மைக் குறித்துக் கொண்டார். 1893-ல் அவர் உடலும் மேரியின் உடலும் லண்டனிலிருந்து ஓல்னிக்குக் கொண்டு போகப்பட்டு, ஆலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன.