நடனம் பயிலாமல் திரை நடனத்தை மாற்றியமைத்த பஸ்பி பெர்க்லி

முறைப்படி நடனம் பயிலாத ஒருவர்தான் ஹாலிவுட் இசைத் திரைப்படங்களின் நடனக் காட்சிகளுக்குப் புதிய இலக்கணம் வகுத்தார். 1933-ஆம் ஆண்டு வெளியான 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' திரைப்படத்தின் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லியே அவர்.

வில்லியம் பெர்க்லி ஈனோஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1895 நவம்பர் 29-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் பிறந்தார். தாய் கெர்ட்ரூட் பெர்க்லி நாடக நடிகை. சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராணுவப் பள்ளியில் கல்வி பயின்றார்.

முதல் உலகப் போரின்போது பீரங்கிப் படை அதிகாரியாக பிரான்ஸில் பணியாற்றினார். அங்கு வீரர்களின் அணிவகுப்புகளை வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. நூற்றுக்கணக்கானோரை ஒரே தாளத்தில் பிரித்தும் சேர்த்தும் நகர்த்தக் கற்றுக்கொண்ட அந்த அனுபவமே பின்னாளில் அவரது கலைக்கு அடித்தளமாக அமைந்தது.

1920-களில் நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கு நடனம் அமைத்துப் பெயர் பெற்ற அவர், 1930-இல் 'ஊப்பி' படத்தின் மூலம் திரையுலகில் நுழைந்தார். பார்வையாளர் இருக்கையின் கோணத்தில் கேமராவை நிலையாக நிறுத்தும் அன்றைய வழக்கத்தை அவர் கைவிட்டார். அரங்கின் உச்சியிலிருந்து நேர் கீழாகப் படம்பிடித்தபோது, நடனக் கலைஞர்கள் மலராக விரிந்தனர், சக்கரமாகச் சுழன்றனர். போதிய உயரம் கிடைக்காதபோது படப்பிடிப்புத் தளத்தின் கூரையிலேயே துளையிடச் செய்தார்.

பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலத்தில், வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' படத்தைத் தயாரித்தது. இசை நாடகம் ஒன்றின் ஒத்திகையையும், மேடைக்குப் பின்னால் அரும்பும் காதலையும் நகைச்சுவையுடன் சொல்லும் கதை அது. அரங்கேற்றத்துக்கு முதல் நாள் நட்சத்திர நடிகை காயமடைய, குழுவில் ஒருத்தியாக ஆடவந்த இளம்பெண் அவரது இடத்தை நிரப்புகிறாள். ரூபி கீலர் அப்பாத்திரத்தில் நடித்தார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் அதற்குக் கிடைத்தது.

அதே ஆண்டில் வெளியான 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தின் இறுதி நடனக் காட்சியில், போரிலிருந்து திரும்பி வேலையின்றி உணவுக்காக வரிசையில் நிற்கும் வீரர்களை அவர் காட்டினார். கேளிக்கைப் படத்தின் முடிவில், தம்முடன் போருக்குச் சென்ற தலைமுறையை அந்த முன்னாள் அதிகாரி மறக்கவில்லை.

புகழின் உச்சியில் இருந்த 1935-ஆம் ஆண்டில், அவர் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி மூவர் உயிரிழந்தனர். அவர் மீது கொலை வழக்கு தொடரப்பட்டது. முதல் இரு விசாரணைகளில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மூன்றாவது விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார்.

பின்னர் எம்ஜிஎம் நிறுவனத்தில் ஜூடி கார்லண்ட் நடித்த படங்களை இயக்கினார். எனினும் 'கேர்ள் க்ரேஸி' படத்திலிருந்து பாதியில் நீக்கப்பட்டார். 1946-இல் தாயின் மறைவு அவரை நிலைகுலையச் செய்தது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அவர் காப்பாற்றப்பட்டார். 1950-களுக்குப் பின் வாய்ப்புகள் குறைந்தன.

சிறந்த நடன இயக்கத்துக்கான ஆஸ்கர் விருது மூன்று ஆண்டுகள் மட்டுமே வழங்கப்பட்டது. அம்மூன்று முறையும் பரிந்துரைக்கப்பட்ட பெர்க்லிக்கு ஒருமுறைகூட விருது கிடைக்கவில்லை.

எனினும் 1960-களின் பிற்பகுதியில் இளம் ரசிகர்கள் அவரது பழைய படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினர். 1971-இல் பிராட்வேயில் மீண்டும் மேடையேறிய 'நோ, நோ, நானெட்' நாடகத்தின் தயாரிப்பை மேற்பார்வையிடும் பொறுப்பு, 75 வயதில் அவரைத் தேடி வந்தது. அந்நாடகத்தில் ரூபி கீலரும் நடித்தார்.

1976 மார்ச் 14-ஆம் தேதி, தமது 80-ஆவது வயதில் பெர்க்லி காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' கதை பிராட்வே மேடை நாடகமாக அரங்கேறி, எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து நடைபெற்றது.