ரிமோட் விமானத்தின் தாத்தா!



டெஸ்லா என்றதும் நம்மில் பலருக்குக் கார்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போவது அந்தக் காருக்குப் பேர் கொடுத்த மனிதரைப் பற்றி. அவர்தான் நிக்கோலா டெஸ்லா.

இவர் 1856 ஜூலை 10-ஆம் தேதி, இன்றைய குரோஷியா நாட்டில் உள்ள ஸ்மில்யான் கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டு வேலைக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொள்வாராம்! மகனுக்கு அந்தக் கை வந்ததில் ஆச்சரியம் என்ன?

1884-இல் டெஸ்லா நியூயார்க் வந்தார். எடிசனின் கம்பெனியில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினார். பிறகு பிழைப்புக்காகக் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். அப்படிப்பட்டவர்தான் 1888-இல் ஏ.சி. மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். நம்ம வகுப்பில் கடகடவென்று சுத்துகிற ஃபேனும், ஊரில் ஓடும் தண்ணி மோட்டாரும் அந்த வழியில் வந்தவைதான்.

1895 மார்ச்சில் அவருடைய ஆய்வுக்கூடம் தீப்பிடித்து எரிந்துபோனது. பல வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் சாம்பல்! ஆனாலும் மனுஷன் உட்காரவில்லை. மூன்றே வருஷத்தில், 1898-இல், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, அதில் ஒரு சின்னப் படகை மிதக்கவிட்டார். வயர் கிடையாது, கயிறு கிடையாது. இவர் தள்ளி நின்று ஒரு பெட்டியை இயக்க, படகு திரும்பியது, நின்றது, விளக்கைச் சிமிட்டியது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மந்திரம் என்றார்கள் சிலர். உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றுகூடப் பேசிக்கொண்டார்களாம்!

உள்ளே குரங்கு இல்லை. என்ன இருந்தது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் ரிமோட் விமானம் செய்வார். அவர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொருத்தும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் ரிசீவர். அதிர்வு படாமல் இருக்க அதை ஸ்பாஞ்சில் சுற்றி வைப்பார். அதன் ஆன்டெனாவை மோட்டார் வயரிலிருந்து தள்ளி நீட்டிவிடுவார். அடுத்தது சர்வோ, இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைப்பது அதுதான். பிறகு மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. கடைசியில் பேட்டரி. விமானம் முன்னாலோ பின்னாலோ சாயாமல் சமமாக நிற்கும் வரை பேட்டரியை நகர்த்திக்கொண்டே இருப்பார். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத்தான் முதல் சோதனை. இல்லாவிட்டால் விரல் போயிடும்!

இப்போது டெஸ்லாவின் படகைத் திறந்து பாருங்கள். ரிசீவர் இடத்தில் உலோகத்தூள் நிரப்பிய ஒரு குழாய். அதன் பேர் கொஹீரர். ரேடியோ அலை வந்ததும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாயும். அடுத்த சைகைக்குத் தயாராக அந்தக் குழாய் தானாகவே தலைகீழாகப் புரளும்! சர்வோ இடத்தில் சுக்கானைத் திருப்ப ஒரு மோட்டார். படகை ஓட்ட இன்னொரு மோட்டார். கூடவே பேட்டரி. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை அதேதான்! சாமான்கள்தான் சின்னதாகிவிட்டன.

1898 நவம்பர் 8-ஆம் தேதி இதற்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 6,13,809. அமெரிக்கக் கடற்படைக்கு உதவும் என்று டெஸ்லா நம்பினார். அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. 17 வருஷம் கழிந்து, 1915-இல் காப்புரிமையும் காலாவதியாகிவிட்டது. 1937-இல் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் அமெரிக்காவில் ரேடியோவால் இயங்கும் மாடல் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அப்போது டெஸ்லா அதே நாட்டில், ஓட்டல் அறையில், கையில் காசில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். 1943 ஜனவரி 7-ஆம் தேதி நியூயார்க்கர் ஓட்டலில் தனியாகவே இறந்துபோனார். வயது 86.

1960-இல் காந்தப்புலத்தை அளக்கும் அலகுக்கு டெஸ்லா என்று பெயர் வைத்தார்கள். நல்ல மரியாதைதான். ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நண்பர்களே, நம்ம பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் யாராவது புரியாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். குரங்கு என்று கிண்டல் பண்ணுவதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்போம். கேட்டால் அவனும் சந்தோஷமாகச் சொல்வான், நாமும் ஒன்று கற்றுக்கொள்வோம்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்