அரியணை கேட்ட தம்பி

குட்டீஸ், பாரசீகப் பேரரசை உருவாக்கிய மாமன்னர் சைரஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று நாம் பார்க்கப் போவது அவரை அல்ல. அவர் பெயரையே தாங்கி, அவருக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வாழ்ந்த ஓர் இளவரசரை. அடையாளத்துக்காக அவரை இளைய சைரஸ் என்று அழைக்கிறார்கள்.

தந்தை, பாரசீக மன்னர் இரண்டாம் டேரியஸ். தாய், ராணி பாரிசாடிஸ். மூத்த மகன் அர்சாசஸ். ஆனால், தாய்க்குச் செல்லப்பிள்ளை இளையவர்தான். அர்சாசஸ் பிறந்தபோது அப்பா மன்னராகவில்லை; சைரஸ் பிறந்தபோது மன்னராகி விட்டார். எனவே, அரியணை சைரசுக்கே சேர வேண்டும் என்று ராணி வாதாடிப் பார்த்தார். மன்னர் அசையவில்லை.

சைரசுக்குப் பதினாறு வயது இருக்கும். அப்போதே, கி.மு. 407 வாக்கில், இன்றைய துருக்கியில் இருந்த சார்டிஸ் நகருக்கு அவரை அனுப்பினார் தந்தை. அந்த மேற்குப் பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் ஒருவர் பல மாகாணங்களை ஆள்வதை நினைத்துப் பாருங்கள்!

அந்தச் சமயம் கிரேக்கர்களான ஏதென்ஸ்காரர்களும் ஸ்பார்ட்டாக்காரர்களும் போரிட்டுக் கொண்டிருந்தனர். சைரஸ் ஸ்பார்ட்டா பக்கம் நின்று பணத்தை வாரி வழங்கினார். கப்பலில் துடுப்பு வலிப்பவர்களின் தினக்கூலி மூன்று ஓபல் காசிலிருந்து நான்காக உயர்ந்தது. ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தளபதி லைசாண்டர் ஒருமுறை சைரசின் தோட்டத்தைப் பார்த்து வியந்தாராம். வரிசை பிசகாத மரங்கள். அளந்து திட்டமிட்டது தானே என்றும், சில மரங்களைத் தன் கையாலேயே நட்டதாகவும் சைரஸ் சொன்னதும், பட்டும் நகையும் அணிந்த இளவரசரா இப்படி என்று லைசாண்டர் திகைத்துப் போனார்.

கி.மு. 404ல் டேரியஸ் இறந்தார். அர்சாசஸ், அர்தசெர்க்சஸ் என்ற பெயருடன் முடிசூடினார். அப்போதுதான் வந்தது ஆபத்து. அண்ணனைக் கொல்லச் சதி செய்தார் என்று திசபெர்னஸ் என்ற ஆளுநர், சைரஸ் மீது குற்றம் சாட்டினார். அது உண்மையா, பழியா என்பதில் பழங்கால ஆசிரியர்களே ஒத்துப் போகவில்லை. சைரஸ் சாக வேண்டியதுதான் என்ற நிலை. தாய் ஓடி வந்து மகனைக் கட்டி அணைத்து, தன் கூந்தலால் சுற்றி, அவர் கழுத்தோடு தன் கழுத்தை அழுத்திக் கொண்டு கெஞ்சினார். மன்னர் மனம் இளகி, தம்பியைப் பழைய பதவிக்கே திருப்பி அனுப்பினார். தண்டிக்கவும் இல்லை, அதிகாரத்தைப் பறிக்கவும் இல்லை. பெரிய மனசுதான், ஆனால், பட்ட அவமானத்தைத் தம்பி மறக்கவில்லையே!

சைரஸ் ரகசியமாகப் படை திரட்டினார். பதின்மூவாயிரம் கிரேக்கக் கூலிவீரர்கள் சேர்ந்தனர். மலைவாசிகளான பிசிடியர்களை அடக்கப் போவதாகச் சொல்லி, கி.மு. 401ல் சார்டிசிலிருந்து கிளம்பினார். டார்சஸ் நகரில் வீரர்களுக்குச் சந்தேகம் வந்து விட்டது, நகர மறுத்தனர். மாதச் சம்பளம் ஒரு தங்கக் காசிலிருந்து ஒன்றரையாக உயர்ந்ததும் நடந்தனர். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில்தான் உண்மையைச் சொன்னார், எதிரி தன் அண்ணன்தான் என்று!

வழியில் ஓரிடத்தில் வண்டிகள் சேற்றில் புதைந்தன. வேலை மந்தமாக நடப்பதைக் கண்ட சைரஸ், கூட இருந்த பாரசீகப் பிரபுக்களைக் கோபத்தோடு ஏவினார். அவ்வளவுதான், விலையுயர்ந்த உடைகளோடும் கழுத்துச் சங்கிலிகளோடும் அவர்கள் சேற்றில் குதித்து, வண்டிகளைத் தூக்கி விட்டனர்!

பாபிலோனுக்கு அருகில் குனாக்சா. அண்ணன் பயந்து விலகி விட்டார் என்று நினைத்து, படை கவனக்குறைவாக நடந்து கொண்டிருந்தது. வீரர்கள் பலரின் ஆயுதங்கள் வண்டிகளில் கிடந்தன. திடீரென்று ஒரு குதிரைவீரர் வியர்வை வழியப் பறந்து வந்து, மன்னரின் பெரும்படை வருவதாகக் கத்தினார்.

கிரேக்கர்கள் தங்கள் பக்கத்தில் எதிரிகளை விரட்டி அடித்தனர். சைரஸ் அறுநூறு குதிரைவீரர்களோடு நடுப்பகுதியில் பாய்ந்தார். அண்ணன் கண்ணில் பட்டு விட்டார். உடனே பொறுமை போய் விட்டது. நேரே பாய்ந்து, அண்ணனின் மார்பில் ஈட்டியால் குத்தினார். கவசத்தை மீறிக் காயம் பட்டது. ஆனால், உயிர் போகவில்லை. அதே நேரம் யாரோ எறிந்த ஈட்டி சைரசின் கண்ணுக்குக் கீழே பாய்ந்தது. அங்கேயே இறந்தார். வயது இருபத்திரண்டோ, இருபத்து மூன்றோதான்.

வெற்றி பெற்றதாக மகிழ்ந்திருந்த கிரேக்கர்களுக்கு மறுநாள்தான் செய்தி தெரிந்தது. அந்தப் படையில் இருந்த செனபோன் என்பவர், பனி மலைகளைக் கடந்து கருங்கடல் வரை தாங்கள் நடந்த கதையை, 'அனபாசிஸ்' என்ற நூலாக எழுதினார்.

அர்தசெர்க்சஸ் கி.மு. 358 வரை ஆண்டார். பாரிசாடிஸ் மட்டும் எதையும் மறக்கவில்லை. மகன் சாவில் பங்கு கொண்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பழி வாங்கினார். கி.மு. 395ல் திசபெர்னசின் தலையும் உருண்டது.