வண்ணமே பொருளாக

ஓவியம் என்றதும் முகமோ மலையோ மரமோ நம் நினைவுக்கு வரும். அவ்வுருவங்கள் எவையும் இன்றி, வண்ணங்களைக் கொண்டே மனித உள்ளத்தின் துயரையும் வியப்பையும் உணர்த்த முயன்றவர் மார்க் ராத்கோ. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தழைத்த வண்ணப்புல ஓவியத்தின் முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

அன்றைய ரஷ்யப் பேரரசின் திவின்ஸ்க் நகரில், 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், யூதக் குடும்பமொன்றில் ராத்கோ பிறந்தார். அந்நகர் இன்று லாட்வியா நாட்டில் உள்ளது. யூதர்கள் வன்முறைக்கு அஞ்சி வாழ்ந்த காலம் அது. மருந்தாளுநரான தந்தை முதலில் அமெரிக்கா சென்றார். 1913இல் தாயுடன் ராத்கோவும் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரை அடைந்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். புதிய நாட்டில், புதிய மொழிக்கு நடுவே, செய்தித்தாள் விற்றுக்கொண்டே படித்தார் ராத்கோ. உதவித்தொகையுடன் 1921இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பட்டம் பெறாமலே 1923இல் வெளியேறி நியூயார்க் சென்றார்.

அங்கே அவர் ஓவியம் பயின்றார். குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்து வாழ்க்கையை நடத்தினார். 1930களில் நகரத்தின் சுரங்க ரயில் நிலையங்களையும், அங்கே தனித்து நிற்கும் மெலிந்த மனிதர்களையும் வரைந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழங்காலத் தொன்மங்களை நாடினார். பின்னர், பேரழிவைக் கண்ட காலத்தின் உணர்வைத் தாங்க மனித உருவமும் தொன்மக் குறியீடும் போதா என்று உணர்ந்தார். 1946 முதல் அவருடைய ஓவியங்களில் உருவங்கள் கரைந்து வண்ணத் திட்டுகளாயின. 1950 அளவில் அத்திட்டுகளும் குறைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இரண்டு மூன்று செவ்வகங்களே எஞ்சின. எளிமை போலத் தோன்றும் இவ்வடிவத்தை அடைய அவருக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

நீர்த்த வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாக அவர் பூசினார். அடியிலுள்ள வண்ணம் மேலடுக்கின் வழியே ஒளிர்ந்தது. விளிம்புகள் மங்கிக் கரைவதால் செவ்வகங்கள் மிதப்பன போலத் தோன்றின. 1953இல் வரைந்த ‘துருவும் நீலமும்’ என்னும் ஓவியம் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுடையது. இத்தகைய பெரிய ஓவியத்தை அருகில் நின்று காண வேண்டும் என அவர் விரும்பினார். அப்போது வண்ணம் காண்பவரைச் சூழ்ந்துகொள்ளும் என்பது அவர் எண்ணம்.

1958இல் அந்த எண்ணம் சோதனைக்கு உள்ளாயிற்று. நியூயார்க்கின் சீகிராம் மாளிகையில் அமையவிருந்த ஆடம்பர உணவகத்திற்குச் சுவரோவியங்கள் வரையும் பணி அவருக்குக் கிடைத்தது. பெருந்தொகையும் பேசப்பட்டது. கருஞ்சிவப்பும் கருமையும் நிறைந்த முப்பது அளவிலான ஓவியங்களை அவர் உருவாக்கினார். 1959இல் அவ்வுணவகத்தில் ஒருநாள் உணவருந்தச் சென்றவர், அங்கு வருவோர் தம் ஓவியங்களை ஊன்றி நோக்கமாட்டார்கள் என்று உணர்ந்தார். ஒப்பந்தத்தைக் கைவிட்டு, பெற்ற பணத்தையும் திருப்பியளித்தார். சுவரை அழகுபடுத்தும் பொருளாகத் தம் படைப்பு தாழ்வதை அவர் மனம் ஏற்கவில்லை.

1964இல் ஹூஸ்டன் நகரின் வழிபாட்டுக்கூடம் ஒன்றிற்கு ஓவியம் வரையும் பணியை ஏற்றார். எண்கோண வடிவான அக்கூடத்திற்கென அவர் தீட்டிய பதினான்கு ஓவியங்களும் ஏறக்குறைய இருளின் வண்ணத்தில் அமைந்தவை. முன்பு மறுத்த உணவக ஓவியங்களுள் ஒன்பதை, அவற்றிற்கெனத் தனி அறை ஒதுக்கப்பட வேண்டும் என்ற விருப்பத்துடன், லண்டன் டேட் கலைக்கூடத்திற்குக் கொடையாக வழங்கினார்.

இறுதி ஆண்டுகளில் உடல்நலிவும் மனச்சோர்வும் அவரை வருத்தின. 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அவர் மறைந்தார். அதே நாளில் அந்த ஒன்பது ஓவியங்களும் லண்டனை அடைந்தன. மறு ஆண்டு ஹூஸ்டன் கூடம் எல்லாச் சமயத்தாருக்கும் உரியதாகத் திறக்கப்பட்டது. அங்கு வருவோர் இன்றும் அவ்வண்ணங்களின்முன் நெடுநேரம் பேசாது அமர்ந்திருக்கின்றனர்.