வெடிமருந்துக்குக் கணக்குப் போட்ட மேதை
கடலூரில் உயிர்விட்ட ராபின்ஸ்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் வேட்டைக்குப் போவது ஒரு காலத்தில் வழக்கம். இப்போது அது குற்றம். அந்த நாளில் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்து மருந்து இடிப்பார்கள். அதை நாட்டுத் துப்பாக்கியின் வாய் வழியாகக் கெட்டிப்பார்கள். மருந்து ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் குறி தப்பிவிடும்.

துப்பாக்கி அதேதான். குறி பார்த்தவரும் அவரேதான். பிறகு ஏன் தப்புகிறது?

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தில் பிறந்தவர். கடைசி மூச்சை விட்டது நம் கடலூரில்!

ஏழை வீட்டுப் பிள்ளை

1707-ம் ஆண்டு பாத் நகரில் பிறந்தார். பெற்றோர் ஏழைகள். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தப் பிரிவினர் ஆயுதம் தொட மாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைதான் பீரங்கி சாஸ்திரத்துக்கே தந்தை ஆனார்!

கணிதத்தைப் பெரும்பாலும் தாமே படித்தார். 20 வயதில் லண்டன் ராயல் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிட்டார்.

வூல்விச் ராணுவப் பள்ளியில் ஆசிரியர் வேலையை எதிர்பார்த்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அங்கே பாடம் நடத்தத் தயாரித்து வைத்திருந்ததைப் புத்தகமாக்கி, 1742-ல் வெளியிட்டார். அந்தப் புத்தகந்தான் அவர் பெயரை நிலைக்க வைத்தது.

ஊஞ்சல் பலகை

கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? ராபின்சின் யுக்தி வெகு சுலபமானது. கனமான மரப்பலகை ஒன்றை ஊஞ்சல் போல் தொங்கவிட்டார். அதன் அடியில் ஒரு நாடாவைக் கட்டினார். பலகையை நோக்கிச் சுட்டார். குண்டு பாய்ந்ததும் பலகை பின்னால் ஆடியது. நாடா எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்த்தார். குண்டின் எடை தெரியும். பலகையின் எடையும் தெரியும். மீதி எல்லாம் கணக்குதான்.

வினாடிக்குச் சுமார் 1,600 அடி என்று விடை வந்தது!

மருந்தை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார். மருந்தை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கவில்லை. வேகம் இரண்டு பங்காக வேண்டுமானால் மருந்து ஏறக்குறைய நாலு பங்கு வேண்டும்.

குழலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே குண்டு கீழே இறங்கத் தொடங்குகிறது. மெதுவாகப் போகும் குண்டு குறியை அடைய அதிக நேரம் ஆகும். அதனால் அதிகம் இறங்கிவிடும். மாங்காய்க்குக் கல்லெறியும் பையனுக்கும் இது தெரிந்த விஷயந்தான்.

வேகத்தைக் கூட்டினாலோ காற்று குறுக்கே நிற்கிறது. பீரங்கிக் குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டல்ல என்றே அதுவரை பலரும் எண்ணி வந்தார்கள். 24 ராத்தல் குண்டைக் காற்று அதன் எடையைப் போல 20 மடங்குக்கு மேலான பலத்தோடு எதிர்ப்பதை ராபின்ஸ் காட்டினார்.

குண்டு சுழல்வதாலும் பாதை வளையும் என்றார். அதைக் காட்ட, ஒரு குழலின் முனையை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டிச் சுட்டார். முதலில் இடப்பக்கம் போன குண்டு, பிறகு வலப்பக்கம் திரும்பியதைத் திரைகளின் ஓட்டைகள் காட்டின!

ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதையே 1745-ல் அந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து, விளக்கமும் எழுதினார். 1746-ல் ராயல் சங்கம் ராபின்சுக்கு காப்ளி பதக்கம் தந்தது.

தமிழ்நாட்டில்

அதே 1746-ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1749-ல்தான் திரும்பக் கிடைத்தது. தன் கோட்டைகளைப் பலப்படுத்த கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்சைத் தலைமை என்ஜினீயராக நியமித்தது. 1750-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல் கண்டது. தேறி எழுந்து, கோட்டைகளுக்குத் திட்டம் வரைந்தார். உடம்பு மறுபடியும் கெட்டது. 1751-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி காலமானார். வயது 44. கையில் பேனாவோடு இறந்ததாகச் சொல்வார்கள்.

அந்தக் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, அதன் மிச்சம் நிற்கிறது.