பச்சையப்ப முதலியார்

சென்னையில் பச்சையப்பர் பெயரால் விளங்கும் கல்லூரியை அறியாதார் அரியர். ஆயினும், அவர் தம் வாழ்நாளில் பள்ளி எதனையும் நிறுவினாரல்லர். அவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் பெயரால் முதற்பள்ளி தோன்றிற்று. இடைப்பட்ட காலத்தில் அவர் வைத்துச் சென்ற அறப்பொருள் பட்ட பாடு பெரிது.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர் பிறக்குமுன்னரே தந்தையார் விசுவநாத முதலியார் காலமானார். தாயார் பூச்சியம்மாள் பெரியபாளையத்தில் ஒரு செல்வரின் ஆதரவில் மகனை வளர்த்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்த அச்சிறுவனுக்கு நாராயண பிள்ளை என்னும் துபாஷி புகலளித்தார். துபாஷி என்பார் இரு மொழி அறிந்து, கும்பினியாருக்கும் நம் நாட்டாருக்கும் இடையே நின்று வாணிகம் நடத்துபவர். பச்சையப்பரும் அத்தொழிலிற் புகுந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். ஈட்டியதைக் கோயில் திருப்பணிக்கும் ஏழைகளுக்கும் வாரி வழங்கினார்.

1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நோயுற்றுக் கும்பகோணத்தில் இருந்தபோது, தம் செல்வம் அறத்திற்கே ஆகுமாறு உயில் எழுதினார். அவ்வாறு அவர் ஒதுக்கியது ஏறத்தாழ ஒரு நூறாயிரம் வராகன் என்பர். அத்திங்கள் முடிவிலேயே திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதே.

அறங்காவலர் கையில் உள்ள பொருள் அவர் பொருளன்று. அதனைத் தம் பொருளோடு கலவாமற் காத்தலும், எழுதினார் கருத்தின்படியே செலவிடுதலும், காசுக்குக் காசு கணக்குக் காட்டுதலும் அவர் கடன். பச்சையப்பருடைய பொருள் திறத்தில் இக்கடன் நெடுங்காலம் நிறைவேறவில்லை. உரிமை கோரினார் வழக்கிட்டனர். உயிலிற் குறித்த அறங்கள் நின்றன. பொருள் மட்டும் பிறர் கையிற் கிடந்தது. நண்பருடைய நம்பிக்கையை விடக் கணக்கேடு வலிய காவல் என்பதை அந்நாளில் யாரும் எண்ணவில்லை போலும்!

தன் பொருளை இழந்தவன் தானே முறையிடுவான். கோயிலின் விளக்குக்கும் பசித்த ஏழைக்கும் நீதிமன்றத்தில் வாயேது? அவற்றின் சார்பில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரே வழக்காடலாம் என்பது சட்டம். அப்பதவியில் இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இவ்வழக்கை மேற்கொண்டார். அவருக்குப்பின் ஜார்ஜ் நார்ட்டன் அதனை முடித்து வைத்தார். இருவரும் ஆங்கிலேயர், பச்சையப்பரைக் கண்டறியாதவர்.

செலவிடாது கிடந்த ஆண்டுகளில் வட்டி வளர்ந்தமையால், மீட்ட பொருள் உயிலின் அறங்களுக்கு வேண்டியதினும் மிகுந்திருந்தது. மிகுதியை யாரும் தமக்கென எடுத்துக்கொள்ளல் ஆகாது. அவர் எழுதிய அறங்களுக்கு முதலில் பொருள் ஒதுக்கப்பட்டது. எஞ்சியது கல்விக்கென நீதிமன்றத்தால் விதிக்கப்பட்டது. சென்னைப் பெருமக்கள் அறங்காவலராய் அமர்ந்து 1842ஆம் ஆண்டில் பள்ளியைத் தொடங்கினர். அதுவே 1889ஆம் ஆண்டிற் கல்லூரியாக உயர்ந்து, 1940ஆம் ஆண்டிற் சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது.

கல்லூரி பெயருமுன் அப்பள்ளி நடந்த பச்சையப்பர் மண்டபம், கிரேக்கக் கோயிலைப் போன்ற நெடுந்தூண்களோடு 1850ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்றது. அதற்கு 1846ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டியவர், வழக்காடி அப்பொருளை மீட்ட ஜார்ஜ் நார்ட்டனே.