வில்ஹெல்ம் மேபாக்

வில்ஹெல்ம் மேபாக் (பிப்ரவரி 9, 1846 - டிசம்பர் 29, 1929) ஒரு செருமானியப் பொறியாளரும் உள் எரி பொறி வடிவமைப்பாளரும் ஆவார். உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் எனப் பரவலாகக் கருதப்படும் 1885 ஆம் ஆண்டு வண்டியின் பொறியை கோட்லீப் டைம்லருடன் இணைந்து உருவாக்கியவர் இவர். விளையாட்டுத் தானுந்துகளின் முன்னோடியான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் தானுந்தின் பொறியை வடிவமைத்தவரும் இவரே. முதற்பொறியின் எடை சுமார் 60 கிலோகிராம். இரண்டாவதன் எடை சுமார் 230 கிலோகிராம்.

இளமை

மேபாக் செருமனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதிற்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். ராய்ட்லிங்கன் நகரில் குஸ்தாவ் வெர்னர் நடத்திய ஆதரவற்றோர் இல்லம் இவரை ஏற்றுக்கொண்டது. அங்கு இவருக்கு இயந்திர வரைபடம் வரையும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1860களில் அவ்வில்லத்தின் தொழிற்கூடத்தை நிர்வகிக்க வந்த டைம்லர், இவரது திறமையைக் கண்டு தம் உதவியாளராக்கிக் கொண்டார். இவ்விணைப்பு டைம்லர் இறக்கும் வரை நீடித்தது.

1872 இல் இருவரும் நிக்கோலஸ் ஓட்டோவின் டாய்ட்ஸ் பொறித் தொழிற்சாலையில் சேர்ந்தனர். அங்கு தலைமை வடிவமைப்பாளராக இருந்த மேபாக், ஓட்டோ 1876 இல் உருவாக்கிய நான்கு வீச்சுப் பொறியைப் பெருமளவு உற்பத்திக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தினார். 1878 இல் பெர்த்தா ஹாபர்மாஸை மணந்தார். மகன் கார்ல் 1879 இல் பிறந்தார்.

இலேசான பொறி

அக்காலப் பொறிகள் தொழிற்சாலைத் தரையில் நிலையாகப் பொருத்தப்படுபவை. அவை நிமிடத்திற்கு 120 முதல் 180 சுற்றுகளே சுழன்றன. மெதுவாகச் சுழலும் பொறியிலிருந்து கூடுதல் திறன் பெற வேண்டுமெனில் உருளையைப் பெரிதாக்க வேண்டும். உருளை பெரிதானால் எடையும் கூடும். வேகமாகச் சுழலும் சிறிய பொறியே இதற்கு மாற்று என டைம்லரும் மேபாக்கும் கருதினர்.

1882 இல் இருவரும் டாய்ட்ஸை விட்டு விலகி, கான்ஸ்டாட் நகரில் டைம்லரின் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் ஆய்வைத் தொடங்கினர். அங்கு கள்ள நாணயம் அச்சிடப்படுவதாகத் தோட்டக்காரர் ஐயுற்றதால் காவல்துறையினர் சோதனையிட்டனர் என்பது பலரும் அறிந்த செய்தி. சூடேற்றிய குழாயால் எரியூட்டும் முறையின் மூலம் இவர்களின் பொறி நிமிடத்திற்கு 600 சுற்றுகளை எட்டியது.

1885 இல் மரச்சட்டம் கொண்ட இருசக்கர வண்டியில் இப்பொறியின் சிறிய வடிவம் பொருத்தப்பட்டது. ஒற்றை உருளை கொண்ட அதன் கொள்ளளவு 264 கன சென்டிமீட்டர். திறன் அரைக் குதிரைத்திறன். காப்புரிமை டைம்லரின் பெயரிலேயே பெறப்பட்டது. மூல வண்டி 1903 ஆம் ஆண்டு தீ விபத்தில் அழிந்தது. அருங்காட்சியகங்களில் உள்ளவை அதன் படிகளே.

மெர்சிடிஸ் பொறி

1890 இல் டைம்லர் நிறுவனம் பங்கு நிறுவனமாக மாறியது. தமக்கு அளிக்கப்பட்ட ஒப்பந்த விதிமுறைகளை ஏற்க இயலாத மேபாக் 1891 இல் வெளியேறினார். ஆயினும் டைம்லரின் ஆதரவுடன் ஆய்வைத் தொடர்ந்து, எரிபொருளை நுண்துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார். 1895 இல் தொழில்நுட்ப இயக்குநராக நிறுவனத்திற்குத் திரும்பினார்.

1900 மார்ச்சில் டைம்லர் காலமானார். அதே மாதம் நீஸ் நகருக்கருகே நடந்த மலையேற்றப் பந்தயத்தில் டைம்லர் ஃபீனிக்ஸ் தானுந்தை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் விபத்தில் உயிரிழந்தார். உயரமும் குறுகிய நீளமும் கொண்ட அவ்வண்டியின் முன்புறத்தில் கனமான பொறி அமர்ந்திருந்தது. பொறியின் எடை ஓட்டுநரின் உயிரோடு தொடர்புடையது என்பதை இவ்விபத்து உணர்த்தியது. வணிகரான எமில் யெல்லினெக், நீளமான, தாழ்வான, இலேசான புதிய தானுந்து வேண்டுமெனக் கேட்டு 36 வண்டிகளுக்கு முன்பதிவு செய்தார். தம் மகளின் பெயரான மெர்சிடிஸ் என்பதையே பொறிக்குச் சூட்டவும் கோரினார்.

மேபாக் வடிவமைத்த புதிய பொறி நான்கு உருளைகளும் 5.9 லிட்டர் கொள்ளளவும் கொண்டது. உருளைகள் வார்ப்பிரும்பாலும், சுழல்தண்டின் உறை அலுமினியக் கலவையாலும் செய்யப்பட்டன. சுமார் 8,000 சிறு குழாய்களைக் கொண்ட தேன்கூட்டு வடிவ ரேடியேட்டர் குறைந்த நீரைக் கொண்டே பொறியைக் குளிர்வித்தது. 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் இத்தானுந்து பெரும் வெற்றி பெற்றது.

இதன் ஒரே ஓர் உருளையின் கொள்ளளவு, 1885 மோட்டார் சைக்கிள் பொறியின் முழுக் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கிற்கும் அதிகம். ஆனால் எடை நான்கு மடங்கிற்கும் குறைவாகவே கூடியது. திறனோ 70 மடங்கு உயர்ந்தது. மோட்டார் சைக்கிள் பொறியில் ஒரு குதிரைத்திறனுக்கு 120 கிலோகிராம் எடை இருந்தது. மெர்சிடிஸ் பொறியில் அது 7 கிலோகிராமிற்கும் குறைவு.

பிற்காலம்

டைம்லரின் மறைவிற்குப் பின் நிறுவனத்தில் மேபாக்கின் செல்வாக்கு படிப்படியாகக் குறைந்தது. 1907 இல் அதிலிருந்து விலகினார். 1909 இல், எடைக்கட்டுப்பாடு மிகக் கடுமையான வான்கப்பல்களுக்குப் பொறிகள் செய்ய, செப்பலின் பிரபுவின் ஆதரவில் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொழில்நுட்பப் பொறுப்பைக் கார்ல் மேபாக் ஏற்றார். முதல் உலகப்போருக்குப் பின் அந்நிறுவனம் மேபாக் என்ற பெயரில் சொகுசுத் தானுந்துகளைத் தயாரித்தது.

முறையான பல்கலைக்கழகக் கல்வி பெறாத இவருக்கு ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி 1916 இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1929 டிசம்பர் 29 அன்று ஸ்டுட்கார்ட்டில் காலமானார். டைம்லர் அடக்கம் செய்யப்பட்ட கான்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்திலேயே இவரது உடலும் அடக்கம் செய்யப்பட்டது.